பட்டறையில் பிறந்த காருக்கு நம்பர் வாங்குவது

திருப்போரூர் பக்கமோ சிங்கப்பெருமாள் கோயில் பக்கமோ, எந்தப் பட்டறையில் கேட்டாலும் கேள்வி ஒரே மாதிரிதான் வருகிறது: “அண்ணே, வண்டி ரெடி. நம்பர் மட்டும் வாங்கணும். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல யாரைப் பார்க்கணும்?”

வண்டி என்று அவர்கள் காட்டுவதைப் பார்த்தால் எனக்கும் ஆசையாகத்தான் இருக்கும். பழைய மாருதி எஸ்டீமிலிருந்து கழற்றிய இன்ஜின், குழாயை வளைத்து வெல்ட் செய்து கட்டிய சேசிஸ், ஃபைபர் பாடி, இரண்டு பக்கெட் சீட், தரையை உரசுகிற உயரம். வேலை சுத்தமாக இருக்கும். எட்டு மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளும் நாலைந்து லட்சம் ரூபாயும் அதில் போயிருக்கும். அந்தப் பையனின் முகத்தைப் பார்த்து, “தம்பி, இதற்கு நம்பர் கிடைக்காதுப்பா” என்று சொல்ல எனக்கு ஒவ்வொரு முறையும் மனசு வருவதில்லை. அவன் முதல் குழாயை அறுப்பதற்கு முன்பே யாராவது இதைச் சொல்லியிருந்தால் அந்தப் பணத்தையும் உழைப்பையும் வேறு வழியில் திருப்பியிருப்பான். இந்த அத்தியாயம் அப்படி முன்கூட்டியே சொல்வதற்காக எழுதியது. கார் கட்டும் ஆசையை யாரும் விட வேண்டாம். எந்தக் காரைக் கட்டினால் அது கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடும், எந்தக் காரைக் கட்டினால் லாரியில்தான் போகும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு கட்டுங்கள்.

ஆர்.டி.ஓ. பார்ப்பது எதை?

மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 39 சொல்வது இதுதான்: பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் யாரும் ஓட்டக்கூடாது, உரிமையாளர் ஓட்டவும் விடக்கூடாது. பதிவுக்கு விண்ணப்பிப்பது படிவம் 20இல். அதோடு இரண்டு தாள்கள் சேர்ந்து போக வேண்டும். படிவம் 21 விற்பனைச் சான்று. படிவம் 22 வண்டி சாலைக்குத் தகுதியானது என்று அதைத் தயாரித்தவர் கொடுக்கும் சான்று. ஷோரூமில் கார் வாங்கும்போது இவை தானாக வந்துவிடுவதால் நாம் அவற்றைக் கவனிப்பதே இல்லை. வீட்டில் கட்டிய காருக்கு இந்த இரண்டையும் யார் கொடுப்பது?

“நானே தயாரிப்பாளர், நானே கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்ல முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, விதி 126இன்படி தயாரிப்பாளர் தன் வண்டியின் முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்திடம் கொடுத்து, அது விதிகளுக்கு உட்பட்டது என்று சான்று வாங்கியிருக்க வேண்டும். புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ., மானேசரில் ஐகேட், அகில்யாநகரில் (பழைய அகமத்நகர்) பாதுகாப்புத் துறையின் வி.ஆர்.டி.இ. என்று சில நிறுவனங்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்திலேயே ஒரகடத்தில் 304 ஏக்கரில் ஜி.ஏ.ஆர்.சி. என்ற உலகத் தர வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. செங்கல்பட்டிலிருந்து புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் அதன் வாசலில் நிற்கலாம். ஆனால் அங்கே சான்று தருவது ஒரு மாடலுக்கு. ஒரே மாதிரி நூறு, ஆயிரம் என்று செய்யப்போகும் நிறுவனத்தை மனதில் வைத்து எழுதிய விதி அது. மோதல் சோதனை, புகைச் சோதனை, பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் பிடிமானம் என்று நீளும் சோதனைகளின் செலவை ஒற்றைக் கார் தாங்காது.

இதனால்தான் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் சண்டை போட்டுப் பயனில்லை என்கிறேன். உங்கள் வெல்டிங்கை அவர் மெச்சலாம். பல இன்ஸ்பெக்டர்கள் ஆட்டோமொபைல் படித்து வந்தவர்கள், மெச்சவும் செய்வார்கள். ஆனால் சான்று பெற்ற மாடலின் விவரத்தை வைத்துக்கொண்டுதான் அவர் ‘வாகன்’ மென்பொருளில் பதிவு போட முடியும். கார் நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் மாடல் சான்று இல்லாமல் பதிவு கொடுக்கும் அதிகாரம் சட்டத்தில் அவரிடம் இல்லை.

நம் ஊரில் இந்த வேதனை பழையது. 1903இல் சென்னை சிம்ப்சன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைக் கட்டினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் நீராவிக் கார் என்று அதைச் சொல்வார்கள். அந்தக் காலத்தில் கார் கட்ட யாரிடமும் மாடல் சான்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1952இல், கோவையில் ஜி.டி. நாயுடு இரண்டு பேர் உட்காரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார். விலை 2,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருந்தார். அரசு உரிமம் கொடுக்காததால் அது உற்பத்திக்கு வரவே இல்லை. அன்று அவரை நிறுத்தியது தொழில் உரிமம். இன்று நம்மை நிறுத்துவது மாடல் சான்று. காகிதத்தின் பெயர்தான் மாறியிருக்கிறது.

சமீபத்து உதாரணமும் உண்டு. மகாராஷ்டிரத்தில் சாங்லி மாவட்டத்துத் தேவராஷ்டிரே கிராமத்தில் ஒரு கொல்லர், பழைய உதிரிகளை வைத்து, உதைத்து ஸ்டார்ட் செய்கிற சின்ன நாலு சக்கர வண்டி ஒன்றைத் தன் மகனுக்காகக் கட்டினார். 60,000 ரூபாய் செலவானதாகச் செய்தி வந்தது. 2021 டிசம்பரில் அதைப் பார்த்த ஆனந்த் மஹிந்திரா, வண்டி விதிகளுக்கு உட்படாததால் அதிகாரிகள் என்றைக்காவது அதை நிறுத்தத்தான் போகிறார்கள், பதிலுக்கு ஒரு பொலீரோ தருகிறேன் என்றார். மறு மாதம் அவர் வீட்டுக்கு பொலீரோ வந்தது, அவர் கட்டிய வண்டி மஹிந்திராவிடம் போனது. கேட்க நல்ல கதை. ஆனால் அந்த மனிதர் கட்டிய வண்டிக்கு நம்பர் கிடைக்கவில்லை என்பதும் அதே கதையில்தான் இருக்கிறது.

லண்டனில் இருக்கும் அண்ணன் மகன் படம் அனுப்பியிருப்பான்: “சித்தப்பா, இங்கே நானே கட்டின காருக்கு நம்பர் வாங்கிட்டேன்.” உண்மைதான். பிரிட்டனில் ஒற்றைக் காருக்கென்றே ஐ.வி.ஏ. என்ற தனிவாகன ஒப்புதல் இருக்கிறது. கட்டியவர் காரைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோவார். பிரேக், விளக்கு, புகை, சத்தம் எல்லாம் பார்ப்பார்கள். கூர்மையான விளிம்பு ஏதாவது வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறதா என்றுகூடத் தடவிப் பார்ப்பார்கள். தேறினால் நம்பர் உண்டு. உதிரிகளின் வயது தெரியாவிட்டால் ‘கியூ’ என்று தொடங்கும் நம்பர் கொடுப்பார்கள். காலின் சாப்மனின் லோட்டஸ் செவன் 1957இலேயே அங்கே பெட்டியில் உதிரிகளாக வந்து, வீட்டுக் கொட்டகைகளில் காராக எழுந்தது. அதன் வாரிசான கேட்டர்ஹாமை இன்றும் பெட்டியில் வாங்கலாம். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு இங்கே குழாயை வளைக்கத் தொடங்கியவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இந்தியாவில் அப்படியொரு வாசல் இன்னும் திறக்கவில்லை.

ஆர்.சி. உள்ள காரை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது

நம்மில் பெரும்பாலானவர்களுக்கு உதவுகிற ஒரே வழி இது. ஏற்கெனவே பதிவான கார் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் அடையாளத்தைக் கெடுக்காமல் ரேஸ் குணத்தைக் கொண்டுவருவது. இங்கே நீங்கள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டியது பிரிவு 52.

ஆர்.சி.யில் இருக்கும் விவரம், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரத்தோடு முரண்படும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது அந்தப் பிரிவு. ‘மாற்றம்’ என்றால் என்ன என்பதற்கும் அதிலேயே விளக்கம் உண்டு: வண்டியின் அடிப்படை அமைப்பை மாற்றிவிடுகிற கட்டமைப்பு மாற்றம். கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் இருவரும் இதை உறுதிசெய்தார்கள். தயாரிப்பாளர் சொன்ன விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றினால் அதைப் பதிவு செய்ய முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மாநில விதியைக் காட்டித் தப்பிக்கவும் முடியாது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாமல் மாற்றிய உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ‘ஒவ்வொரு மாற்றத்துக்கும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

ஆகவே கூரையை அறுத்துத் திறந்த காராக்குவது, சேசிஸை வெட்டிக் குட்டையாக்குவது, நாலு சீட்டை இரண்டாக்குவது, செடானின் உடம்பைக் கழற்றிவிட்டு ஃபைபர் உடம்பு மாட்டுவது எல்லாம் சாலைக்கு ஆகாது. ஆர்.சி.யில் வண்டியின் வகை, இருக்கை எண்ணிக்கை, எடை, இன்ஜின் கொள்ளளவு, எரிபொருள், நிறம் எல்லாம் எழுதியிருக்கிறது. அந்த அட்டையை ஒரு கையில் வைத்துக்கொண்டு காரைச் சுற்றி நடந்து பாருங்கள். அட்டையில் எழுதியதைப் பொய்யாக்கும் வேலை எதையும் செய்யாதீர்கள். நான் யாருக்கும் சொல்லும் முதல் பாடம் இதுதான்.

பின்னே என்ன மிச்சம் இருக்கிறது என்று சோர்ந்துவிட வேண்டாம். ஒரு கார் ரேஸ் கார் போல ஓடுவதற்குக் காரணமான பாதி விஷயங்கள் கட்டமைப்பில் இல்லை. நல்ல பிரேக் பேட், புதிய பிரேக் ஆயில், தேய்ந்துபோன புஷ்களை எல்லாம் மாற்றிய சஸ்பென்ஷன், தயாரிப்பாளர் அனுமதித்த அளவுக்குள் நல்ல டயர், சரியான வீல் அலைன்மென்ட், கம்பெனி சொன்ன அழுத்தத்தில் காற்று. இவற்றை மட்டும் ஒழுங்காகச் செய்த இருபது வயது எஸ்டீம், தோற்றத்துக்காக மட்டும் லட்சக்கணக்கில் செலவழித்த காரை வளைவில் விட்டுவிட்டுப் போகும். நம் பையன்கள் இந்தப் பகுதியைத்தான் அலட்சியம் செய்கிறார்கள், ஏனென்றால் இது படத்தில் தெரியாது.

நிறம் மாற்றலாம், ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்து ஆர்.சி.யில் குறித்துக்கொள்ள வேண்டும். சி.என்.ஜி. கிட் மாட்டலாம், அங்கீகாரம் பெற்ற கிட்டாக இருக்க வேண்டும். பழைய காரை மின்சாரக் காராக்கவும் சட்டம் இடம் கொடுக்கிறது. ஏ.ஐ.எஸ். 123 என்ற தரத்தில் சோதித்து ஒப்புதல் பெற்ற கிட்டை, அதைப் பொருத்த அங்கீகாரம் உள்ளவர் பொருத்த வேண்டும். உங்கள் மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும், ஸ்கூட்டர் பேட்டரிகளை அடுக்கி அவரே மாட்டியதற்கு அந்த ஒப்புதல் கிடைக்காது. ஒற்றைக் காரைத் தன் விருப்பப்படி உருமாற்ற ஆசைப்படுகிறவருக்கு இன்று சட்டத்தில் இருக்கும் மிக விசாலமான வழி இந்த மின்சார மாற்றம்தான் என்பது என் கருத்து. மற்ற வழிகளில் செலவழிக்கும் புத்தியை இங்கே செலவழிக்கலாம்.

இன்ஜின் விஷயம் பலரைக் குப்புறத் தள்ளியிருக்கிறது. அதே கம்பெனி, அதே வகை இன்ஜினைப் போட்டால் நியாயமான வழி இருக்கிறது. ஆனால் மாற்றிய 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்து, ஆர்.சி.யில் புது இன்ஜின் எண்ணை ஏற்றிக்கொள்ள வேண்டும். இன்ஜின் வாங்கிய பில் கையில் இருக்க வேண்டும். பில் இல்லாமல் பழைய இரும்புக் கடையில் வாங்கிய இன்ஜின் எந்தத் திருட்டு வண்டியில் இருந்தது என்று யாருக்குத் தெரியும்? கடனில் இருக்கும் கார் என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். 800 சி.சி. காரில் 1300 சி.சி. இன்ஜினை இறக்கிவிட்டு “யாருக்குத் தெரியப்போகிறது” என்று ஓட்டுபவர்களுக்கு நான் சொல்வது: விபத்து நடக்கிற அன்றைக்குத் தெரிந்துவிடும். இன்ஷூரன்ஸ் கம்பெனியின் சர்வேயர் முதலில் பார்ப்பது இன்ஜின் எண்ணைத்தான்.

சின்னச் சின்னதாகச் சேரும் குற்றங்களும் உண்டு. முன்பக்க இரும்பு கார்டு வேண்டாம். அது பிரிவு 52க்கு விரோதம் என்று 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. விபத்தின் விசை நேராக சேசிஸுக்குப் போய் ஏர்பேக் வேலைசெய்வதையும் கெடுத்துவிடும். சைலன்சரை அறுத்துக் குழாய் மாட்டினால் பிரிவு 190இன் கீழ் 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் ஓட்டுநர் உரிமம் இழப்பதும் வரும். கண்ணாடியில் முன், பின் 70 சதவீதமும் பக்கங்களில் 50 சதவீதமும் வெளிச்சம் புக வேண்டும்.

கடலோரத்துக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை எந்த வீட்டு வாசலில் நிற்கும் காரையும் உப்புக்காற்று விடாது. எஃப்.சி.க்கோ, 15 ஆண்டு முடிந்து படிவம் 25இல் பதிவைப் புதுப்பிக்கவோ போகும்போது சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுப்பார்கள். துரு தின்ற எண் தாளில் விழாது. ஒரு நண்பரின் ஜிப்சிக்கு இது நேர்ந்தது. டிங்கரிங் செய்த பட்டறையில் துருவைச் சுரண்டும்போது கிரைண்டரை எண்ணின் மேலேயே ஓட்டிவிட்டார்கள். ஆறு இலக்கம் போயிற்று. தவறு செய்தது பட்டறைப் பையன், ஆனால் எண்ணை அழித்தவன் என்ற சந்தேகம் வந்தது உரிமையாளர் மேல். கார் தன்னுடையதுதான் என்று நிரூபிக்க அவர் அலைந்த அலைச்சலைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ஆகவே பட்டறையில் வண்டியை விடும் முன் சேசிஸ் எண்ணைப் பென்சில் பிரிண்ட் எடுத்து, செல்லோ டேப் ஒட்டி, நாளும் கிலோமீட்டரும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண் இருக்கும் இடத்தைக் கிரீஸ் தடவி மூடுங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை துடைத்துப் பாருங்கள்.

ரேஸ் காரை ரேஸ் காராகவே வைத்துக்கொள்வது

ஃபார்முலா கார், கூண்டு வைத்த டூரிங் கார், வழவழப்பான ஸ்லிக் டயர் வண்டி எல்லாம் இந்த வகை. இவற்றுக்குப் பதிவு வேண்டாம், ஏனென்றால் இவை பொதுச் சாலைக்கு வரப்போவதில்லை. இதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். தமிழ்நாட்டில் கார் கட்டியவர்களில் தலைசிறந்தவரான கோவை கரிவர்தன், 1980களின் கடைசியில் மாருதி 800இன் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்களைக் கட்டினார். அவற்றில் ஒன்றுகூடச் சாலைக்காகக் கட்டியதில்லை. அந்தக் கார்களில் பழகித்தான் நரேன் கார்த்திகேயன் போன்றவர்கள் வளர்ந்தார்கள். 1995இல் கரிவர்தன் விபத்தில் இறந்துபோனார். செட்டிப்பாளையத்துப் பந்தயத் திடல் இன்று அவர் பெயரில்தான் நிற்கிறது. அவர் கட்டிய கார்கள் சாலையில் ஓடவில்லை என்று யாரும் அவரைக் குறைத்துச் சொன்னதில்லை.

நம் செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை இருக்கிறது. 1953இல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், சோழவரம் விமான ஓடுதளத்தில் பல ஆண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் திடல் திறந்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று. போட்டியில் ஓட்ட, இந்திய மோட்டார் பந்தயச் சம்மேளனமான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் உரிமம் வேண்டும். காருக்கும் பாதுகாப்புச் சோதனை உண்டு: கூண்டு, தீயணைப்பான், இன்ஜினை வெளியிலிருந்து நிறுத்தும் சுவிட்ச், இருக்கைப் பட்டைகள். காட்டாங்குளத்தூர் கல்லூரியில் மாணவர் பந்தயக் கார் கட்டும் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களிடம் போய்க் கேளுங்கள். வயதில் சின்னவர்கள், விஷயத்தில் பெரியவர்கள்.

கொண்டுபோவது எப்படி? பிளாட்பெட் லாரியில் ஏற்றித்தான். சொந்தமாக டிரெய்லர் செய்து காரின் பின்னால் மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சட்டத்தின் பார்வையில் டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம், அதற்கும் பதிவு வேண்டும். “விடியற்காலைதானே, திடல் வரைக்கும் ஓட்டிப் போய்விடலாம்” என்பதும் வேண்டாம். பதிவில்லாத வண்டியை ஓட்டினால் முதல்முறை 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டாம் முறை ஓராண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ. வண்டியைப் பறிமுதல் செய்யவும் போலீசுக்குப் பிரிவு 207 அதிகாரம் தருகிறது.

கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பற்றி இங்கே நான் மனதில் இருப்பதைச் சொல்லியாக வேண்டும். முட்டுக்காடு தாண்டியதும் சாலை நேராகும், கடல் தெரியும், கால் ஆக்சிலேட்டரில் அழுந்தும். ஆனால் அதே விடியற்காலையில்தான் பட்டிப்புலத்திலும் தேவனேரியிலும் மீன் கூடையோடு பெண்கள் சாலையைக் கடக்கிறார்கள். வலை சுமந்த சைக்கிள்கள் குறுக்கே வருகின்றன. மாமல்லபுரத்துக்குச் சூரிய உதயம் பார்க்க வந்த வெளியூர்க்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கித் திசை தெரியாமல் நிற்கிறார். பந்தயம் ஓட்டினால் பிரிவு 189இன் கீழ் மூன்று மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் என்பதை எழுத வேண்டியது என் கடமை. அதைவிட, அந்தப் பெண்களை நினைத்துப் பார்க்கச் சொல்வேன். திடலில் ஓட்டினால் உங்கள் உயிருக்கு மட்டும்தான் நீங்கள் பொறுப்பு.

பழைய காரும் வெளிநாட்டுக் காரும்

முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த கார் என்றால் 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி ‘விண்டேஜ்’ பதிவு வாங்கலாம். புதிதாகப் பதிய 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000. பத்து ஆண்டு செல்லும். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்கு அடுத்து ‘வி.ஏ.’ என்று வரும். கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று குறிப்பிட்ட காரணங்களுக்குத்தான் வெளியே எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. முக்கியமான நிபந்தனை, கார் அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். வண்டலூர், பெருங்களத்தூர் பக்கத்து ஆலையில் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எங்காவது கொட்டகையில் கிடந்தால் அதை அறுத்து ரேஸ் கார் ஆக்கிவிடாதீர்கள். நம் மாவட்ட மண்ணில் பிறந்த கார் அது. அசலாக மீட்டால் நம்பரும் கிடைக்கும், ஊரும் நின்று பார்க்கும்.

வெளிநாட்டிலிருந்து பழைய கார் கொண்டுவருவது பணக்காரர் சமாச்சாரம், சுருக்கமாக முடித்துவிடுகிறேன். தயாரித்து மூன்று ஆண்டுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் இறக்க முடியும். சுங்கவரி காரின் விலையையே தாண்டிவிடும். அதற்கு மேல் தமிழ்நாட்டு ஆயுள் வரி: 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீதம். வெளிநாட்டில் வாழும் உறவினர் தன் காரை ‘கார்னே’ ஆவணத்தில் கொண்டுவந்து ஆறு மாதம் வரை ஓட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோகலாம். இங்கே விற்கக் கூடாது.

கட்டித் தருகிறேன் என்பவரிடம் வாங்கும்போது

சின்ன நிறுவனங்கள் முறையாகச் சான்று வாங்கி ஸ்போர்ட்ஸ் கார் செய்ததும் உண்டு. கோவாவில் சான் ஸ்டார்ம், அலிபாக்கில் சின்காரா ரோட்ஸ்டர், பிறகு டி.சி. அவந்தி. இவற்றில் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்குவது, புதிதாகக் கட்டுவதைவிடச் சுலபமாக நம்பரோடு ஒரு விசித்திரமான காரை உங்கள் வீட்டு வாசலில் நிறுத்தும். ஆனால் ஆவணத்தை அலசாமல் பணம் கொடுக்காதீர்கள். அவந்தி கார்கள் சிலவற்றில் ஒரே சேசிஸ் எண் ஒன்றுக்கு மேற்பட்ட பதிவில் இருப்பதாக 2020 டிசம்பரில் மும்பை போலீஸ் வழக்குப் போட்டது. குற்றச்சாட்டு என்ற அளவில்தான் அதை இங்கே சொல்கிறேன். வாங்குகிறவர் அதிலிருந்து கற்க வேண்டியது, சேசிஸ் எண்ணை அரசின் பரிவாகன் தளத்திலும் வண்டியிலும் இரண்டிலும் பார்த்துக்கொள்வது.

வடக்கே மண்டி டப்வாலியில் கட்டிய ஜீப்புகளை வீடியோவில் பார்த்து வாங்குகிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை. ஆர்.சி. அட்டையில் இருக்கும் வண்டியும் லாரியிலிருந்து இறங்கும் வண்டியும் ஒன்றுதானா? இரண்டும் வேறு என்றால் தடையில்லாச் சான்று வாங்கி இங்கே பெயர் மாற்றும்போது செங்கல்பட்டு அலுவலகத்தில் வேலை நின்றுவிடும். டி.என்.19 நம்பருக்கு ஆசைப்பட்டவர் கையில் வண்டி மட்டும் இருக்கும், ஓட்ட முடியாது. மாற்றங்களை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் சொல்லுங்கள். சொல்லாமல் விட்டால் விபத்துக்குப் பின் இழப்பீட்டை மறுக்க அதுவே காரணமாகும்.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒரு கோரிக்கை வைக்கிறேன். மறைமலை நகரில் ஃபோர்டு இருந்தது. மஹிந்திரா சிட்டியில் மஹிந்திராவின் ஆராய்ச்சி மையமும் பி.எம்.டபிள்யூ. ஆலையும் இருக்கின்றன. இத்தனை காரைக் கட்டிய கைகள் இந்த மாவட்டத்தில் ஓய்வு பெற்றும் வேலை மாறியும் இருக்கின்றன. அவர்கள் தங்களுக்கென்று ஒரு காரைக் கட்டிச் சோதனைக்குக் கொண்டுபோக ஒரு வாசல் வேண்டும். ஒரகடத்தில் தடமும் கருவிகளும் பொறியாளர்களும் தயாராக இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு நாள், தனி ஆளின் ஒற்றைக் காரை உரிய கட்டணம் வாங்கிக்கொண்டு சோதித்து, தேறினால் குறைந்த வேக வரம்போடாவது நம்பர் கொடுக்க விதி 126இல் ஓர் உட்பிரிவு போதும். விண்டேஜ் காருக்கு விதி திருத்தியவர்களால் இதற்கும் திருத்த முடியும். வரைவு விதி ஒவ்வொன்றும் அரசிதழில் வரும்போது பொதுமக்கள் கருத்துச் சொல்ல நாள் கொடுக்கிறார்கள். அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் இப்போதே எழுதுங்கள். உங்கள் காரின் வரைபடம், வெல்டிங் படங்கள், பிரேக் கணக்கு எல்லாவற்றையும் இணைத்து, புது டெல்லியில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் அனுப்புங்கள். நானும் அனுப்பியிருக்கிறேன்.